மிளகு ஏணியடியில் நீ படித்த இங்கிலீஷ்

சாமி, உன் அப்பன் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். கால் நன்றாக இருக்கிறது. போனில் நீ முதலில் கேட்பது அதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி இந்தக் கடிதம் முடிகிற வரைக்கும் என் காலை மறந்துவிட்டுப் படி. இதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். நாலு வாரமாக அதற்காகத்தான் காத்திருந்தேன். நீ கூப்பிடுவாய், "அப்பா, கால் எப்படிங்க இருக்குது?" என்பாய். பரவாயில்லை என்று முனகிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ குறுக்கே கேட்க முடியாது, நானும் பாதியில் எழுந்து ஓட முடியாது. நேற்று ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் போய் அங்கே பாய் கடையில் கோடு போட்ட தாள் வாங்கினேன். யாருக்கு மனு என்று பாய் கேட்டார். மகனுக்கு என்றேன். "பெத்த பையனுக்கே மனுப் போடற காலம் வந்துருச்சுங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை. இது மனுதான்.

மருமகள் அம்மாவிடம் பேசியதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை மாட்டிவிடுவதற்காக அவள் சொல்லவில்லை. ஓசூரில் உன் கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகிறதாம், பன்னிரண்டாவது தேறிய சர்டிபிகேட் இருந்தால் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்களாம், உனக்கு நிற்பது இங்கிலீஷ் ஒன்று மட்டும்தானே, அதையும் அடுத்த மாதம் எழுதுவதற்குப் பேர் கொடுத்துவிட்டாயாம். இதுவரைக்கும் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பொஸ்தகத்தைத் தொறந்து வச்சுட்டு சும்மாவே உக்கார்ந்திருக்கறாருங்க அத்தை. ஏனுங்கன்னு கேட்டா, இந்தப் பாடத்தாலதான் எங்கப்பா கால் போச்சுங்கறாருங்க." அம்மா போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். நான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாக நீ அந்தப் பாடத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. தெரிந்தும் தெரியாதவன்போல இருந்தேன். இப்போது அந்தப் பழி உன் சோற்றிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இனியும் நான் வாயைத் திறக்காவிட்டால் நான் மனுஷனில்லை.

அதற்கு முன்னால் உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது, பஸ்ஸின் போர்டைக்கூட நிறத்தையும் டிரைவர் முகத்தையும் பார்த்துத்தான் கண்டுகொள்வேன். ஆனால் காதில் விழுந்தது போகாது, அதுவும் நீ சொன்னது போகவே போகாது. என் கால் போன அந்த வருஷம் மாசியில் நீ பன்னிரண்டாவது பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான் எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். ஏணி பிடிக்கிற ஆள் மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. "படிக்கற லீவுதானுங்களே, நான் புடிக்கறேனுங்கப்பா, புடிச்சுட்டே படிச்சுக்கறேன்" என்று நீயேதான் வந்தாய். நம் ஏணி உனக்கு மறந்திருக்காது. ஒற்றை மூங்கில், கணுவுக்குக் கணு பக்கக்கிளையை ஒரு சாண் விட்டு வெட்டியது, அந்தச் சாண் கிளையில்தான் கால் வைத்து ஏற வேண்டும். உன் நெஞ்சு உயரத்தில் இருந்த ஒரு கிளையில் நோட்டை விரித்துச் செருகிவிட்டு, மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீ சத்தம் போட்டுப் படிப்பாய். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், பனிமூட்டத்துக்குள், கீழே இருக்கிற உன் தலைகூடச் சில நேரம் எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் ஏறி வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பறித்த மிளகு மாதிரி அதற்கு முன்னும் நான் பறித்ததில்லை, பின்னும் பறித்ததில்லை.

எந்த மரத்தடியில் நீ எதைப் படித்தாய் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும். மஞ்சக்குட்டைப் பாதைக்கு மேலே முதலில் நின்றது பலா மரம். அதன் அடியில் நீ படித்தது, ஒன்று என்றால் இட், பல என்றால் தே. இலை ஒன்று கிடந்தால் லீஃப், அதற்கு இட். இலைகள் கிடந்தால் லீவ்ஸ், அவற்றுக்கு தே. ஆளாக இருந்தாலும் அதே தே, ஆடாக இருந்தாலும் அதே தே, கல்லாக இருந்தாலும் அதேதான். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நாம் மனுஷரை அவர்கள் என்போம், ஆட்டையும் கல்லையும் அவை என்போம். வெள்ளைக்காரன் பலதாகிவிட்டால் மனுஷனையும் கல்லையும் ஒரே வார்த்தையில் கட்டிவிடுகிறானே என்று மேலேயிருந்து கேட்டேன். "பலதாச்சுன்னா அவனுக்கு அவ்வளவுதானுங்கப்பா" என்றாய். அடுத்த மரம் மின்னல் விழுந்து பாதி கருகிய சில்வர் ஓக். அங்கே படித்தது, பறவைகள் என்று ஆரம்பித்தால் கூட்டைச் சொல்லும்போது தெய்ர் நெஸ்ட், ஒரு பறவை என்றால் இட்ஸ் நெஸ்ட். முன்னால் சொன்ன பெயர் பலதாக இருந்தால் பின்னால் வருகிற வார்த்தையும் பலதாக வர வேண்டும், ஆரம்பித்த சோடி கடைசி வரைக்கும் பிரியக் கூடாது. அதை நீ பத்துத் தடவை சொன்னாய், நானும் உனக்குத் தெரியாமல் மேலே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மரத்தில்தான் உனக்குக் குழப்பம் வந்தது. பலது என்றால் பெயருக்குக் கடைசியில் எஸ் என்று ஒரு வால் இருக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். சில்ரன் என்பதற்கு அந்த வால் இல்லை, ஆனால் பிள்ளைகள், அதனால் தே. பீப்பிளுக்கும் வால் இல்லை, அதுவும் தே. கேட்டில் என்றால் மாடுகளாம், அதற்கும் வால் கிடையாது. நியூஸுக்கு வால் இருக்கிறது, ஆனால் அது ஒன்றுதான், இட். இதில் நீ திரும்பத் திரும்பத் தப்பு விட்டாய், எரிச்சலில் மூங்கிலைக் குலுக்கினாய், நான் உச்சியில் மரத்தைக் கட்டிக்கொண்டேன். "வாலை எண்ணி மாட்டைச் சொல்லாத சாமி, தலையை எண்ணு" என்று கத்தினேன். நீ சிரித்துவிட்டாய். அதற்குப் பிறகு அதில் நீ தப்பு விடவே இல்லை. சிசர்ஸ் என்று ஒரு கத்தரிக்கோலைச் சொல்வதற்கும் தே போட வேண்டும் என்றாய். ஒரு கத்தரிக்கு எதற்கடா அவ்வளவு மரியாதை என்று கேட்டேன். அதற்கு இரண்டு அலகு இருக்கிறதே என்றாய். நாலாவது மரத்தில் ஈச். பையன்கள் என்று பலரைச் சொன்னாலும், முன்னால் ஈச் என்று போட்டுவிட்டால் ஒவ்வொருவனாக எண்ண வேண்டும், அதனால் ஹிஸ்தான் வரும், தெய்ர் வராது என்று உங்கள் சார் சொன்னதாகச் சொன்னாய். மந்தையிலிருந்து ஒவ்வொரு ஆடாகப் பட்டிக்குள் விடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இதெல்லாம் சரியா என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதைத்தான் சொல்கிறேன். தப்பிருந்தால் புத்தகத்தைத் திறந்து பார். திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உன் இங்கிலீஷ் சார் ஒருமுறை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். பயந்துகொண்டே போனேன். அவர் உன் நோட்டை எடுத்து, "ஏனுங்க, உங்க பையன் உங்களைப் பத்துப் பேரா எழுதறானுங்க" என்றார். என் தகப்பனார் என்று ஒரு கட்டுரை. அதில் மை ஃபாதர் என்று ஒருமையில் ஆரம்பித்துவிட்டு, பிறகெல்லாம் தே, தே என்று எழுதியிருந்தாயாம். பக்கம் பூராவும் சிவப்பு. ஊட்டில் என்னை அவங்க இவங்க என்றுதான் சொல்வான், அந்தப் பழக்கம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாருக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. ஆனால் வருகிற வழி பூராவும், மலைப்பாதை நெடுக, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் மரத்தடியில், சார் சொல்கிற மாதிரி ஹி என்றே எழுது என்று உன்னிடம் சொன்னேன். "ஹின்னா அவன்னு ஆகுதுங்கப்பா. உங்களை எழுதறப்போ கை வரமாட்டீங்குதுங்க" என்றாய். சாமி, அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதுவும் இல்லை. அந்த வார்த்தைக்குப் பாத்திரமாக நான் நடந்துகொள்ளவில்லை என்பதுதான் இனிமேல் வருவது.

ஒற்றை மூங்கில் ஏணிக்கு இரண்டு காவல். கீழே ஒரு ஆள் பிடிக்க வேண்டும், மேலே ஏறினவன் முதல் வேலையாக இடுப்பிலிருக்கிற கயிற்றை அவிழ்த்து ஏணியின் தலையை மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கீழே பிடிக்கிறவன் ஏணியின் கால் நகராமல் பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான் அவனால் முடியும். மூங்கில் உருண்டை, மரமும் உருண்டை. மேலே கட்டாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை நீட்டினால் ஏணியின் தலை மரத்தைச் சுற்றி உருளும். அப்போது கீழே பத்துப் பேர் பிடித்தாலும் நிற்காது. இதை எஸ்டேட்டில் புதிதாக ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். "கட்டாம ஏறுறவன் கட்டில்ல எறங்குவான்" என்பது என் வாயில் பிறந்த சொல். விழுந்தவனைக் கட்டிலில் போட்டுத்தானே மலையிறக்குவார்கள். இப்போதும் மாரமங்கலம் பக்கத்து ஆட்கள்கூட அதைச் சொல்கிறார்கள். யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சமயம் எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு மரத்திலும் நான் நிதானமாகக் கயிற்றைச் சுற்றி, முடிச்சை இழுத்துப் பார்த்து, பிறகுதான் கையை மிளகுச் சரத்துக்குக் கொண்டுபோவேன். அதற்குள் இளவட்டம் ஒருத்தன் பக்கத்து மரத்தில் பாதியைப் பறித்திருப்பான். மேஸ்திரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் எல்லாருக்கும் முன்னால், "மரத்துக்கு மாலை போட வந்தீங்களா, மிளகு பறிக்க வந்தீங்களாங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கீழே நின்ற நீயும் சிரித்தாய். அது தப்பில்லை, சிரிக்கிற பேச்சுத்தான் அது. எனக்குத்தான் உள்ளே போய்த் தைத்தது. மறுநாள் கடைசி மரத்துக்கு வந்தபோது பக்கத்து வரிசைக்காரன் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி கீழ்ச்சரிவிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். நான் ஏறினேன். கயிறு இடுப்பில் இருந்தது. கையை அதன்மேல் வைத்தேன், எடுத்துவிட்டேன். மாலை போடுகிறவன் இல்லை என்று காட்ட வேண்டும் எனக்கு. கட்டாமலே பறிக்க ஆரம்பித்தேன். இரண்டு கை மிளகு பறித்தேன், மூன்றாவது கைக்கு இடது பக்கம் எட்டிச் சாய்ந்தேன். ஏணியின் தலை உருண்டது.

சாமி, இதைத்தான் பதினெட்டு வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன். மேலே நான் கட்டவில்லை. விழுந்தது என் தப்பு, முழுத் தப்பும் என் தப்பு. கீழே கிடந்தபோது முதலில் ஓடி வந்தவர் மேஸ்திரி. "மேல கட்டலையாங்க?" என்று கேட்டார். வலி இன்னும் வந்து சேரவில்லை, அதற்கு முன்னால் வெட்கம் வந்துவிட்டது. "கட்டுனேனுங்க. பையன் நோட்டைப் பார்த்துட்டு ஏணியை உட்டுட்டான்." யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னேன். நீ ஒரு முழம் தள்ளி நின்று கேட்டாய். இல்லை என்று நீ சொல்லியிருக்கலாம். நீ உன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாயே, அது என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அப்பா சொன்னால் அப்படித்தான் இருக்கும், நான்தான் விட்டிருப்பேன் என்று நீ அந்த இடத்திலேயே நம்பிவிட்டாய். நான் பொய் சொல்வேன் என்ற எண்ணமே உனக்கு வரவில்லை. முறிந்த காலோடு என்னைக் கம்பளியில் போட்டுத் தூக்கி ஜீப்பில் ஏற்றி சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலில் இறங்குவான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் கம்பளியில் இறங்கினேன். வலி தெளிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தெளிந்தபோது எஸ்டேட்டே அதை நம்பியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், பையனைத் திட்டாதீங்க, சின்னவன் என்று உனக்காக என்னிடம் சமாதானம் பேசினார்கள். நானும் பெரிய மனசுக்காரன் மாதிரி, "போச்சாதுங்க, போனாப் போகட்டும், என் பையன்தானே" என்றேன். அப்படி ஒரு நல்ல பேரையும் உன் தலைமேல் ஏறி நின்று வாங்கிக்கொண்டேன்.

நீ பரிட்சை எழுதப் போனாய். மற்றதெல்லாம் எழுதினாய். இங்கிலீஷ் அன்றைக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. மழை வருகிற வரைக்கும் அந்த நோட்டு மரத்தடியிலேயே கிடந்ததாம், நீயும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. மறுபடி எழுதச் சொல்லி சார் ஊட்டுக்கே வந்தார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வழியே வேறாகியிருக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனி மாசம் நீ ஓசூருக்குப் பஸ் ஏறினாய்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, சொல்லக் கூசுகிறது. முதலில் வெட்கத்தால் மறைத்தேன், பிறகு ருசி கண்டு மறைத்தேன். நீ ஞாயிறு தவறாமல் போன் செய்தாய். கூட வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் கீழே போனால் மாசக்கணக்கில் பேசுவதில்லை, என் மகன் மட்டும் தவறியதில்லை. அது பாசமா, அந்தக் காலுக்குச் செய்கிற பரிகாரமா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்டுப் பார்க்கத் துணிவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தால், வா சாமி என்று சொல்ல மாட்டேன், பனிக்குக் கால் இழுக்கிறது என்பேன். அடுத்த சனிக்கிழமை வந்து நிற்பாய். உன்னிடம் நேராகக் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் காலை அனுப்பிக் கேட்டு வாங்கினேன். உண்மையைச் சொன்னால் கால் உன்னைக் கூப்பிடாது, பிறகு உன்னை எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்? அந்தப் பயத்தில்தான் வருஷம் போனது. ஆனால் நீ வந்தாலும் என்ன கண்டேன்? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் கண் என் காலுக்குப் போகும். தைலம் வாங்கி வருவாய், தேய்த்துவிடுவாய், மறுநாள் விடிய பஸ்ஸுக்குப் போய்விடுவாய். என் முகத்தைப் பார்த்து, மரத்தடியில் பேசின மாதிரி ஒரு பேச்சு நீ பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார். மிளகு பழுக்கிற காலத்தில் நீ ஒருமுறைகூட மேலே ஏறி வந்ததில்லை. மாசியும் பங்குனியும் எனக்கு நகராத மாசங்கள். வெயிலில் மிளகு காய்கிற வாசனை எஸ்டேட் லைன் ஊடுகள் பூராவும் இருக்கும். அந்த வாசனைக்குள் நின்று, மேலேயிருந்து கேட்ட அந்தக் குரலை நினைத்துக்கொள்வேன். மகனைப் பரிகாரத்துக்கு வரவைத்தேனே தவிர மகனாக வரவிடவில்லை.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. இருந்தாலும் பெற்றவன் வாய் சும்மா இருக்காது. உன் கீழே நாலு பேர் வேலை செய்யப் போகிறார்கள். ஒருத்தன் விழுந்தால், யார் விட்டது என்று கேட்காதே, மேலே என்ன கட்டவில்லை என்று பார். யாராவது உன்னைக் கேலி பேசினால் அந்தக் கேலிக்காக ஒரு முடிச்சைக்கூட விட்டுவிடாதே. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறந்து, அது உன்னை அப்படியே நம்பும். பிள்ளைகள் நம்புவதைப் போல பயங்கரமானது எதுவும் இல்லை சாமி, நாம் சொன்ன பொய்யைக்கூட அவர்கள் உண்மையாக்கிச் சுமப்பார்கள். பிறகு, பரிட்சையில் தகப்பனைப் பற்றி எழுதச் சொன்னால் ஹி என்றே எழுது. ஏணியடியில் நின்ற பிள்ளைமேல் பழியைப் போட்டவனுக்கு அந்த வார்த்தை போதும், கை வராமல் போக இனி எந்தக் காரணமும் இல்லை.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்தில் போன் செய்தாலும் செய், ஆறு மாசம் பேசாமல் இருந்தாலும் இரு. ஆனால் அந்தக் கோபத்தை என்மேல் வை, புத்தகத்தின்மேல் வைக்காதே. அது ஒரு பாவமும் அறியாதது. உனக்கு அது நன்றாக வந்த பாடம். நீ மேலேறி வந்து நின்று ஒருமுறை என்னைத் திட்டினால்கூட, கால் எப்படி என்று கேட்பதைவிட அது எனக்கு ஆயிரம் மடங்கு நன்றாக இருக்கும்.

கயிற்றைக் கட்டவில்லை என்று சொன்னபோது அம்மா அதிர்ந்து நிமிர்வாள் என்று நினைத்தேன். நிமிரவில்லை, எழுதிக்கொண்டே போனாள். இப்போதுதான் அவளைக் கேட்டேன், உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று. "ஜீப்புல ஏத்தறப்போ உங்க இடுப்புக் கயித்தை அவுத்து மடியில வச்சது யாருங்க?" என்றாள். மரத்தில் கட்டிய கயிறு இடுப்பில் எப்படி இருக்கும் என்று அவள் அன்றைக்கே கேட்டுக்கொண்டிருக்கிறாள், என்னைத்தான் கேட்கவில்லை. ஏன் அவனிடமாவது சொல்லவில்லை என்றேன். நானே சொல்வேன் என்று ஒவ்வொரு வருஷமும் பார்த்தாளாம். அவள் சொல்லித் தெரிந்தால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய் என்று பயந்தாளாம். தன்மேலும் தப்பு இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதிவிட்டேன் என்கிறாள்.

சொல்ல இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. ஏணியின் தலை உருண்டபோது நான் கீழேதான் பார்த்தேன். அன்றைக்கு மூட்டம் இல்லை, நல்ல வெயில். நீ இரண்டு கையாலும் மூங்கிலைக் கட்டிப் பிடித்திருந்தாய். ஏணி சுற்றியது, நீயும் அதோடு சேர்ந்து சுற்றினாய், உன்னைத் தரையோடு இழுத்தது, அப்போதும் நீ விடவில்லை. இதை நான் பார்த்தேன். ஏணி தரையில் விழுந்த பிறகுதான் உன் கை அதிலிருந்து வந்தது.

இதைச் சொன்னதும் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல இவனை உக்கார வச்சு, ரெண்டு உள்ளங்கையிலயும் ஊக்கு வச்சு மூங்கில் சிலாம்பு எடுத்தேனுங்க. நொம்ப ஆழமா ஏறியிருந்துச்சு. ஏணியை உட்டவன் கையில சிலாம்பு ஏறுமுங்களா?" என்றாள். அவள் பேனாவை எடுத்துக்கொண்டு, இதையும் எழுதட்டுங்களா என்று கேட்டாள்.

எழுது என்றேன்.